பிள்ளை யாருக்குச் சொந்தம்?

பிள்ளையை முதன்முதலாகப் பாடசாலைக்கு அழைத்துவரும் தந்தை ஆசிரியரிடம் சொல்லும் வாக்கியம் ஒன்று நம் ஊர்களில் நெடுங்காலம் வழங்கிவந்தது. “வாத்தியார், கண் இரண்டையும் விட்டிட்டுத் தோலை உரிச்சாலும் நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம்.” இதைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். நம்மிற் பலர் இதன் பயனை உள்ளங்கையில் அனுபவித்துமிருக்கிறோம். சொன்னவர் கொடியவர் அல்லர். தாம் வெயிலிற் காய்ந்ததுபோல் தம் பிள்ளை காயக்கூடாது, நாலெழுத்துக் கற்று நிழலில் இருந்து உழைக்கவேண்டும் என்ற ஏக்கமே அவரை அவ்வாறு பேசவைத்தது.

ஆயினும் அந்த வாக்கியத்தை ஒருமுறை நின்று நோக்குவோம். அது ஒரு கைமாற்று உறுதியின் நடையில் அமைந்திருக்கிறது. காணி விற்பவர் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரித்தையும் தமக்கென ஒதுக்கிக்கொண்டு மிகுதியை எழுதிக்கொடுப்பதுபோல, இத்தந்தை பிள்ளையின் கண்களை ஒதுக்கிக்கொண்டு மிகுதியை ஆசிரியருக்குக் கொடுக்கிறார். கொடுப்பவர் ஒருவர்; ஏற்பவர் ஒருவர். இருவருக்கும் நடுவே புத்தகப்பையுடன் ஒரு சிறு மனிதப் பிறவி நிற்கிறது. அதனிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை.

தமக்குச் சொந்தமானதைத்தான் ஒருவர் பிறருக்குக் கொடுக்கமுடியும். அப்படியானால் பிள்ளை தந்தைக்குச் சொந்தமா? தந்தைக்கு இல்லையென்றால் தாய்க்கா? இருவருக்கும் இல்லையென்றால் அரசுக்கா? குடும்பச் சட்டம் என்று நாம் சொல்வதன் அடியில் இந்த ஒரு கேள்வியே கிடக்கிறது. விவாகரத்து வழக்கில் பிள்ளை எவரோடு வாழ்வது என்று நீதிபதி தீர்மானிக்கும்போதும், நன்னடத்தை அதிகாரி ஒரு குடிசையின் வாயிலில் நிற்கும்போதும், வகுப்பறையில் நாம் பிரம்பை எடுக்கும்போதும் இக்கேள்விக்கு ஏதோ ஒரு விடையை எடுத்துக்கொண்டுதான் இயங்குகிறோம். அந்த விடை எது என்பதை வெளிப்படையாக ஆராய்வது நம் கடமையாகும்.

மிகப் பழைய விடை உரோமருடையது. உரோமக் குடும்பத் தலைவனின் அதிகாரம் பிள்ளையின் உயிர்மீதும் செல்லுபடியாயிற்று. தந்தை தன் மகனை விற்கலாம். மூன்றுமுறை விற்றபின்னரே மகன் தந்தையின் பிடியிலிருந்து விடுபடுவான் என்று அவர்களுடைய பன்னிரு பட்டயங்கள் விதித்தன. நாற்பது வயது மகனுக்குப் பேரப்பிள்ளைகளே இருந்தாலும், தந்தை உயிரோடிருக்கும்வரை அவன் பெயரிற் சொத்து இருக்க முடியாது. இங்கே பிள்ளை, அடிமை, காணி, கால்நடை அனைத்தும் ஒரே தலைவனின் ஆட்சிக்கு உட்பட்டவை. குடும்பத்தின் வரலாற்றைத் தனிச்சொத்தின் வரலாற்றோடு இணைத்து 1884இல் ஏங்கெல்ஸ் நூல் எழுதியபோது, உரோமரின் குடும்பம் என்ற சொல்லே முதலில் வீட்டு அடிமைகளின் தொகுதியைக் குறித்தது என்பதைச் சுட்டிக்காட்டினார். பிள்ளையின் நிலையை அறிய விரும்புவோர் அக்காலத்துச் சொத்தின் நிலையை முதலில் அறியவேண்டும்.

இவ்வுண்மைக்கு உரோம் வரை செல்லவேண்டியதில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். அத்தேசவழமையில் ஒரு விதி உண்டு. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளை இறந்தவளின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ வளர்ப்பதற்கு ஏற்பது வழக்கம். அப்போது அவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், மணவாழ்வில் தேடியதேட்டத்திற் பாதியையும் அவன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடவேண்டும். மாற்றாந்தாயின் கையிற் பிள்ளை வாடாதிருக்கவும், தந்தையின் கையிற் சீதனம் கரையாதிருக்கவும் நம் முன்னோர் கண்ட ஏற்பாடு இது. இதில் விவேகம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையும் சொத்தும் ஒரே வண்டியில் ஏறிப் போவதைக் கவனிக்கவேண்டும். சீதனமும் தேட்டமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இவ்விதி தருவது மிகச் சொற்பமே.

அதே தொகுப்பு அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளுடைய எசமானனின் உடைமை. அவளுக்குத் தாயுரிமை என்று ஒன்றில்லை. அவளுடைய கணவனுக்குத் தந்தையுரிமை என்று ஒன்றில்லை. 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் அடிமைமுறையை ஒழிக்கும்வரை சட்டத்தின் நிலை இதுவே. இச்செய்தியை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும். பின்னர் நாம் இதற்குத் திரும்பி வருவோம். பெற்றோர் உரிமை என்பது எக்காலத்தும் எல்லாப் பெற்றோருக்கும் இருந்த ஒன்றன்று. மேட்டுக்குடித் தந்தைக்கு அது ஆளும் அதிகாரமாக இருந்தது. அடிமைத் தாய்க்கோ அது எட்டாத கனவாக இருந்தது.

இங்கிலாந்தின் கதை நமக்கு மேலும் தெளிவூட்டும். 1804ஆம் ஆண்டில், எட்டு மாதக் குழந்தை ஒன்றைப் பால்குடிக்கும் மார்பிலிருந்து தந்தை வலிந்து பறித்துச் சென்றான். தாய் அரச நீதிமன்றத்தை நாடினாள். பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு, தந்தையே பிள்ளைக்கு உரியவன் எனக் கொண்டு குழந்தையை அவனிடமே விட்டார். டி மானவில் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் இத்தீர்ப்பு சட்டத்தைப் பிழையாகப் படித்த ஒரு நீதிபதியின் தவறன்று. அக்காலச் சட்டத்தின் சரியான வாசிப்பே இவ்வாறு இருந்தது.

முப்பது ஆண்டுகளின் பின்னர் கரோலின் நோட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று புதல்வர்களைக் கணவன் கொண்டுசென்றான். அவர் வழக்காடவும் வழியின்றிப் பேனாவை எடுத்தார். துண்டுப்பிரசுரங்கள் எழுதினார், பாராளுமன்ற உறுப்பினர்களை அணுகினார். அதன் பயனாக 1839இல் நிறைவேறிய சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்திருக்க அனுமதி கோரி ஒரு தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்றது. சோரம் போனவளென்று தீர்ப்புப் பெற்ற தாய்க்கு அதுவும் இல்லை. நோட்டனின் பிள்ளைகளோ அச்சட்டம் செல்லுபடியாகாத ஸ்கொட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தனர். 1842இல் கடைசி மகன் விபத்தொன்றின் விளைவாக இறந்தான். தாய் போய்ச்சேரும் முன்னரே உயிர் பிரிந்துவிட்டது. சட்டத்தை மாற்றியவருக்கு அச்சட்டத்தின் நிழல் கிட்டவில்லை.

அதன் பின்னர் படிகள் மெதுவாக ஏறப்பட்டன. பிள்ளையின் நலனே முதன்மையானது என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. தாய்க்குத் தந்தையோடு சம உரிமை 1973இலேதான் கிட்டியது. 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை, பெற்றோரின் உரிமை பிள்ளையின் தேவைக்காகவே உள்ளது. பிள்ளை ஒரு விடயத்தைத் தானே விளங்கிக்கொள்ளும் அறிவு முதிர்ச்சி பெறும்போது அவ்வுரிமை விலகிக்கொள்கிறது என்ற கருத்தைப் பெரும்பான்மையாக ஏற்றது. 1989ஆம் ஆண்டின் சட்டம் பெற்றோர் உரிமை என்ற சொல்லை விட்டுப் பெற்றோர் பொறுப்பு என்ற சொல்லை முன்வைத்தது. எட்டு மாதக் குழந்தையை மார்பிலிருந்து பறிப்பது உரிமையாக இருந்த நாட்டில், உரிமை என்ற சொல்லே பின்வாங்குவதற்கு நூற்றெண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டிற்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் ஒல்லாந்தச் சட்டம், மணவாழ்வு நீடிக்கும்வரை தந்தையே இயற்கைப் பாதுகாவலன் எனக் கொண்டது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து உண்டென்று காட்டினாலன்றி அவனுடைய முன்னுரிமையை அசைப்பது எளிதாக இருக்கவில்லை. காலப்போக்கில் நம் நீதிபதிகள் பிள்ளையின் நலனை முன்வைத்து இவ்விதியைப் பெரிதும் தளர்த்தினர் என்பதை நன்றியோடு குறிப்பிடவேண்டும். ஆனால் தந்தையின் நிழல் நீதிமன்றத்துக்கு வெளியிலும் நீண்டு கிடந்தது. மலையக மக்களை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், முறைப்படி மணந்தோரின் பிள்ளைக்குத் தந்தை வழியாகவே வமிசப் பிரஜாவுரிமையை அளித்தது. இந்நாட்டிற் பிறந்து வளர்ந்து அந்நியனை மணந்த தாய் தன் பிள்ளைக்குத் தன் நாட்டைக் கொடுக்கமுடியவில்லை. அந்தக் குறை 2003ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது. ஐந்தரைத் தசாப்தமாகப் பால் கொடுக்கலாம், நாடு கொடுக்கமுடியாது என்பதே தாய்மாருக்குச் சட்டம் சொன்ன செய்தி.

இதுவரை கூறியவற்றைக் கேட்கும் முற்போக்கு நண்பர் ஒருவர் விரைந்து ஒரு முடிவுக்கு வரக்கூடும். பெற்றோர் உரிமை பழைய சொத்துடைமையின் எச்சம். அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் பிள்ளையைச் சமுதாயத்திடம் ஒப்படைப்போம் என்பார். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே பேசியவர்கள்தாம். ஆனால் அனுபவம் நம்மை நின்று சிந்திக்கச் சொல்கிறது.

அவுஸ்திரேலியாவை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் அங்குள்ள ஆதிக்குடிகளின் பிள்ளைகள் பல்லாயிரவர் அதிகாரிகளாலும் மிஷன்களாலும் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். கொடுமை செய்கிறோம் என்று எவரும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. பிள்ளைகளின் நலனுக்காகவே செய்கிறோம் என்றே சொன்னார்கள். 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அந்த நலனின் உண்மை முகத்தைக் காட்டியது. 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மொழியை இழந்து தாயின் முகத்தை மறந்து முதுமையடைந்தவர்களுக்கு மன்னிப்பு எவ்வளவு ஈடாகும்?

நாம் பெரிதும் மதித்த சோவியத் நாட்டின் வரலாற்றிலும் பாடம் உண்டு. 1918ஆம் ஆண்டின் குடும்பச் சட்டக்கோவை, மணத்துட் பிறந்த பிள்ளை, மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளை என்ற பேதத்தை ஒழித்தது. உலகமே வியக்கத்தக்க காரியம் அது. ஆனால் 1944இல் அதே அரசு, மணமாகாத தாய் தன் பிள்ளையின் தந்தையை நீதிமன்றில் நிலைநாட்டும் வழியை அடைத்துவிட்டது. போரால் ஆட்பலம் குறைந்த அரசுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். அவர்களுடைய உரிமை இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

நம் மண்ணிலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு அரசாங்கங்கள் மலையக மக்களின் தலைகளை எண்ணி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டன. ஒரே லயத்திற் பிறந்தவர்கள் கடலின் இருபுறமும் சிதறினர். 2013ஆம் ஆண்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாது என்று விதி செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டிலேதான் அது தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் என்றே அதற்கும் காரணம் கூறப்பட்டது. வெளிநாடு செல்லும் தந்தைக்கு அவ்விதி இல்லை. அந்தத் தாய் ஊரிலே தங்கினால் பிள்ளைக்கு யார் பால்மா வாங்கிக்கொடுப்பது என்பதற்கும் அவ்விதியில் விடை இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கொரு பிள்ளை என்ற கணக்கு வந்தது. பள்ளிச் சீருடையோடு போன பிள்ளைகள் திரும்பவில்லை. முகாம் வாயில்களில் தாய்மார் நின்று அழுதனர். இனத்துக்காக, மண்ணுக்காக என்று அவர்களுக்கு விடை சொல்லப்பட்டது. அன்று நம்மிற் பலர் மௌனமாயிருந்தோம். அந்த மௌனத்தின் அடியில், ஓர் உயர்ந்த இலட்சியம் வந்து கேட்டால் பிள்ளை அதற்குச் சொந்தம் என்ற எண்ணம் நம்மிடமும் இருந்ததன்றோ?

முன்னர் மனத்திற் பதிக்கச் சொன்ன அடிமைத் தாயை இப்போது நினைப்போம். எசமானன், அதிகாரி, அரசு, இயக்கம் ஆகிய யாவருக்கும் எதிராக எளியவர்களின் கையில் இருந்த ஒரே கேடயம் ‘இது என் பிள்ளை’ என்ற சொல்தான். செல்வனின் வாயில் அச்சொல் ஆட்சியின் ஆணையாக ஒலித்திருக்கலாம். ஏழைத் தாயின் வாயில் அது எதிர்ப்பின் குரல். அதைப் பறித்துக்கொள்வது முற்போக்காகாது.

அப்படியானால் நாம் எங்கே நிற்கிறோம்? தந்தை, எசமானன், அரசு, இயக்கம் ஆகிய நால்வரும் ஒரே கேள்வியையே கேட்டனர்: பிள்ளை யாருக்குச் சொந்தம்? விடைகள் வேறுபட்டன, கேள்வி மாறவில்லை. பிழை கேள்வியிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து. பிள்ளை எவருக்கும் சொந்தமன்று. பிள்ளைக்குத்தான் சிலர் சொந்தமாகிறார்கள். பிள்ளைக்குத் தாய் வேண்டும், தந்தை வேண்டும், ஆசிரியர் வேண்டும், அரசும் வேண்டும். அந்த வேண்டுதலிலிருந்தே இவர்களுடைய அதிகாரம் பிறக்கிறது. அது முடியுமிடத்தில் அதிகாரமும் முடிகிறது.

கோயிற் காணியைத் தருமகர்த்தா நிருவகிக்கிறார். வேலி அடைக்கவும் குத்தகைக்குக் கொடுக்கவும் வழக்காடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அயலான் அத்துமீறி நுழைந்தால் தடுக்கும் உரிமையும் உண்டு. ஆனால் விளைச்சலைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோக அவருக்கு உரிமையில்லை. பெற்றோரின் உரிமை இத்தகையது. அரசுக்கும் பிறருக்கும் எதிராக அது வலிய உரிமை. பிள்ளைக்கு எதிராக அது உரிமையே அன்று, பொறுப்பு மட்டுமே. ஒரு வேறுபாடு உண்டு. கோயிற்காணி தருமகர்த்தாவிடம் கணக்குக் கேட்பதில்லை. பிள்ளையோ வளர்ந்து ஒருநாள் எதிரில் நின்று கணக்குக் கேட்கும். கேட்கும் ஆற்றல் வளர வளர நிருவாகம் சிறிது சிறிதாக அதன் கைக்கே போய்ச்சேரவேண்டும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் ஐந்தாம் உறுப்புரை, வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டவேண்டும் என்று சொல்வதன் பொருளும் இதுவே.

இக்கொள்கையை ஏற்றால் சில காரியங்கள் உடன் பின்தொடர்கின்றன.

முதலாவது, வறுமையைக் குற்றமாக்கலாகாது. நம் நாட்டின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருக்கின்றனர். சோறு போட வழியின்மையே அவர்களிற் பலரை அங்கே சேர்த்தது. பிள்ளையின் நலன் என்று தராசை எடுக்கும் நீதிபதி, கல்வீட்டையும் மின்விசிறியையும் ஒரு தட்டில் வைத்து, ஓலைக் குடிசையை மறுதட்டில் வைப்பாரானால், எந்த ஏழைத் தாயும் வெல்லமாட்டாள். இல்லத்திற் பிள்ளையைப் பராமரிக்கச் செலவிடும் அரசு, அதற்கு முன்னர் அந்தப் பணத்தைத் தாயின் கையிற் கொடுத்துப் பார்க்கவேண்டும். அடி, பாலியற் கொடுமை, கைவிடல் இவற்றிலிருந்து பிள்ளையை மீட்பதற்கு அரசு தயங்கலாகாது. ஆனால் பசியிலிருந்து மீட்பதற்குப் பிள்ளையைப் பிரிக்கவேண்டியதில்லை. பசியைப் போக்கினாற் போதும்.

இரண்டாவது, பிள்ளையின் சொல் கேட்கப்படவேண்டும். சமவாயத்தின் பன்னிரண்டாம் உறுப்புரை இதை வற்புறுத்துகிறது. கேட்பது வேறு, தீர்ப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது வேறு. ‘அம்மாவா, அப்பாவா, ஒருவரைச் சொல்லு’ என்று ஏழு வயதுப் பிள்ளையை மன்றில் நிறுத்துவது அதன் நெஞ்சை இரண்டாக அறுப்பதற்குச் சமம். ‘உனக்கு எது பயமாக இருக்கிறது, எது இல்லாமற் கவலையாக இருக்கிறது?’ என்று தனியே அமர்ந்து கேட்டறிவதும், பின்னர் முடிவின் பாரத்தைப் பெரியவர்கள் தாமே சுமப்பதுமே நீதி.

மூன்றாவது நம்மைப் பற்றியது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து காப்பதற்கென இயற்றப்பட்டது. கொடுமையைக் குற்றமாக்கும் அதே பிரிவில், தண்டிப்பதற்குப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள உரிமை பாதிக்கப்படமாட்டாது என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. நாம் கதையின் தொடக்கத்திற் கண்ட அந்தத் தந்தையின் உறுதிக்குச் சட்டமன்றம் இட்ட கையொப்பம் அது. அதிகார வர்க்கத்தின் குண்டாந்தடியைக் கண்டித்து ஊர்வலம் போகும் நாம், மறுநாட் காலை வகுப்பறையிற் பிரம்பை எடுப்போமானால் நம் கொள்கை வாயிலில் நின்றுவிடுகிறது.

போலந்து நாட்டு மருத்துவர் யானுஸ் கோர்ச்சாக் வார்சோவில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக அமர்ந்த ஒரு மன்று இருந்தது. பிள்ளையின்மீது மட்டுமன்றி ஆசிரியர்மீதும் அங்கே முறையிடலாம். கோர்ச்சாக்கே அம்மன்றின்முன் நின்று தம் குற்றத்துக்கு விடை சொன்னார். 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நாஜிகள் அப்பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது அவரும் உடன் சென்று உயிர் துறந்தார். அவர் அப்பிள்ளைகளைப் பெற்றவர் அல்லர். சட்டப்படி அவர்கள் எவரும் அவருக்குச் சொந்தமல்லர். அவரோ அவர்களுக்குச் சொந்தமாயிருந்தார்.

அந்தத் தந்தை நாளை மறுபடியும் நம் பாடசாலை வாயிலில் வந்து நிற்பார். கண் இரண்டையும் விட்டுவிடச் சொல்வார். அவரை இகழாமல், அவருடைய ஏக்கத்தை மதித்து, ஆசிரியர்களாகிய நாம் சொல்லவேண்டிய விடை ஒன்றுண்டு: “ஐயா, தோலும் எங்களுக்கு வேண்டாம். அது உங்களுடையதும் அன்று.” பின்னர் சற்றுக் குனிந்து, இதுவரை எவரும் ஒன்றும் கேட்காத அந்த மூன்றாமவரிடம் பெயரைக் கேட்போம். விடை வரும்வரை பொறுத்திருப்போம்.